கல்பனாவின் விரல்கள்

எங்கள் வீட்டில் காலைக் காப்பி போடுவது எப்போதும் நான்தான். என் மனைவி கல்பனாவுக்குக் குளிர் ஆகாது. டம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, விரல்களில் சூடு ஏறும்வரை குடிக்காமல் உட்கார்ந்திருப்பாள்.

நான் ராஜபாளையத்தில் ஒரு பார்மசி கல்லூரியில் மருந்தியல் நடத்துகிறேன். என் மனைவிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் தட்டச்சு வேலை. வீடும் அங்கேதான்.

இன்ஸ்பெக்டர் சார், அவளுக்கு என்ன நோய் என்று நீங்கள் கேட்டதால் எளிமையாகச் சொல்கிறேன். தமனியின் சுவரில் தசை இருக்கிறது. அந்தத் தசையில் ஏற்பிகள் இருக்கின்றன. பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர் பட்டால் நரம்பு ஒரு சாவியை அனுப்பும். அது பூட்டில் விழுந்ததும் தமனி சுருங்கும். எல்லோருக்கும் நடப்பதுதான். ஆனால் தமனிக்குள்ளே மெல்லிய படலம் ஒன்று உண்டு. 'போதும், தளர்ந்துகொள்' என்று தசைக்குச் சொல்கிற பொருளைச் சுரப்பது அது. கல்பனாவுக்கு அந்தப் படலம் கெட்டுப்போயிருந்தது. சுருங்கச் சொல்ல ஆள் உண்டு, தளரச் சொல்ல ஆள் இல்லை. குளிரில் விரல்கள் வெளுக்கும், நீலம் பாரிக்கும், பிறகு வலியோடு சிவக்கும். மதுரை டாக்டர் எழுதிய மாத்திரையில்தான் சமாளித்து வந்தாள்.

கார்த்திகையில் அவளுக்குப் பதவி உயர்வு வந்தது. மதுரைக்கு மாற்றல்.

"தை மாசம் போயிச் சேரணும். ஹாஸ்டல்ல தங்கிக்கிடுதேன். வாராவாரம் வந்துருவேன்ல," என்றாள். என்னைக் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னாள், அவ்வளவுதான்.

நான் கோபப்படவில்லை. தை வரைக்கும் விரல்கள் அவளைக் கொஞ்சம் படுத்தினால் போதும் என்று நினைத்தேன். அவளுடைய மாத்திரை டப்பாவை நிரப்புவதும் நான்தான். அதே நிறத்தில், தமனியை இன்னும் சுருக்குகிற வேறொன்றை நிரப்பினேன். எனக்குச் சிகரெட் பழக்கம் கிடையாது. அந்த மாதம் தொடங்கினேன், படுக்கையறையில் பிடித்தேன். புகை அந்தப் படலத்துக்கு ஆகாது. மார்கழி பிறந்ததும், விடியலில் பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளித்து ஆண்டாளைச் சேவித்தால் நோய் தீரும் என்றேன். அவளுக்கு நம்பிக்கை உண்டு. ஒரு நாளும் தவறவில்லை.

ஆள்காட்டி விரல் நுனியில்தான் முதலில் புண் வந்தது. பிறகு கறுத்தது.

"ஏங்க, டாக்டர்ட்ட போவமா? எம்புட்டு வலிக்குன்னு சொல்லத் தெரியல."

"மாத்திர கேக்கக் கொஞ்ச நாளாகும். பொறுத்துக்கோ."

பொறுத்துக்கொண்டாள். ஜாக்கெட் கொக்கி மாட்டிவிட்டேன், தலை பின்னிவிட்டேன். "நீங்க இல்லேன்னா என் கதி என்னாவும்?" என்று ஒருநாள் என் தோளில் சாய்ந்து அழுதாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. மதுரை வேலையும் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். அன்றைக்கே நான் பழைய மாத்திரைக்குத் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை.

ராணுவத்திலிருந்து லீவில் வந்த அவள் அண்ணன் பாண்டிதுரை, "ஏட்டி, கையா இது?" என்று கேட்டு, அன்றே காரில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுபோனார். வலக்கையில் மூன்று விரல்களை எடுத்தார்கள். இடக்கையில் இரண்டு.

ஆஸ்பத்திரியில் சரியான மாத்திரை கொடுத்தார்கள். நான் இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது, மிஞ்சிய விரல்களை என் கன்னத்தில் வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தன.

"சூடு வந்துருச்சு, பாத்தீங்களா? முன்ன எழுதுன அதே மாத்திரதான்னு நர்ஸ் சொல்லுதாவ. வீட்டுல நீங்க எனக்கு என்னத்தத் தந்தீங்க?"

நான் அடுத்த வாய் இட்லியை நீட்டினேன். அவள் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற பாண்டிதுரை வீட்டுக்குப் போய் டப்பாவை எடுத்துவந்து டாக்டரிடம் கொடுத்தார்.

எல்லாம் நான் செய்ததுதான், சார். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஜாமீன் மட்டும் சீக்கிரம் கிடைக்கிற மாதிரி பாருங்கள். அவளால் பிசைந்து சாப்பிட முடியாது. நான் ஊட்டினால்தான் சாப்பிடுவாள்.