ரெண்டு பாலத்துக்கு நடுவுல ஒரு பேர்

"ஹலோ… ஹலோ, அண்ணியா? நான்தான் அண்ணி, ஆபீஸ்லேருந்து. வரைபடப் பிரிவு… ஆமா, ஆமா, அண்ணா நாற்காலியில இப்ப நான்தான் உக்காந்திருக்கேன்… தெரியும் அண்ணி, ஆபரேஷன் ஆயிருக்குன்னு தெரியும்… சத்தியமா தொந்தரவு பண்ணக் கூடாதுன்னுதான் இருந்தேன்… குப்புறவே படுத்திருக்கணுமா? தலையைத் தூக்கவே கூடாதா… ஐயோ… சரி, அவர் பார்க்க வேணாம் அண்ணி. காதுகிட்ட போனை வெச்சா மட்டும் போதும். அஞ்சே நிமிஷம்… அணை திறக்கப் போறாங்க அண்ணி. மத்தியானத்துக்குள்ள பள்ளத்துல இருக்கிற ஜனங்களை எல்லாம் பஸ்ஸுல ஏத்தி அக்கரைக்குக் கொண்டு போகணும். அதுக்கான படம் என்கிட்ட மாட்டிக்கிட்டு நிக்குது…"

அண்ணி போனைக் கொடுப்பதா வேண்டாமா என்று யோசிக்கிற சத்தம்கூட இவளுக்குக் கேட்டது. வெள்ளக் கட்டுப்பாட்டு ஆபீஸின் கோடி அறை அது. ஜன்னலுக்கு வெளியே மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. எதிரே கறுப்புத் திரை. அந்த ஆபீஸின் படங்களையெல்லாம் அண்ணா அப்படித்தான் செய்து வைத்திருந்தார். மவுஸால் பிடித்து இழுக்கிற வேலையே கிடையாது. ஆறு எங்கே, ரோடு எங்கே, எந்தப் பேர் எந்த இடத்தில் விழ வேண்டும் என்பதை வரி வரியாகக் கட்டளை எழுதி ஓடவிட வேண்டும். அவர் இருந்தவரை ஓடியது. கண்ணில் விழித்திரை கழன்று அவர் ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து இவள் அதைத் தொடவே பயந்துகொண்டிருந்தாள்.

"அண்ணா… அண்ணா, நல்லா இருக்கீங்களா… இல்ல, கேக்கறதுக்கு மூஞ்சி இல்லாம கேக்கறேன்… ஆமா, ஆமா, விஷயத்துக்கு வரேன். ரெண்டு பாலம் இருக்குல்ல, பக்கத்து பக்கத்துல… ஆமா, மேற்கால இருக்கிறது புதுசு, கிழக்கால இருக்கிறது தூண் விரிசல் விட்ட பழசு. உங்க படத்துல ரெண்டும் இல்ல. நான் சேர்த்தேன். ரெண்டு புள்ளியும் சரியா விழுந்திருச்சு… பேர்தான் அண்ணா. ரெண்டு பாலத்துப் பேரும் நடுவுல வந்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்கு. கரிக்கோடு இழுத்த மாதிரி இருக்கு. புதுப் பாலம் எது, பழைய பாலம் எதுன்னு எனக்கே தெரியல… ஆமா… ஆமா, வெளியூர் டிரைவருங்கதான் வந்திருக்காங்க. அவங்களுக்கு ஊரே தெரியாது, படத்தைத்தான் நம்பியிருக்காங்க…"

"படிக்கிறேன், மெதுவா படிக்கிறேன். மொதல்ல ஒரு நம்பர், அப்புறம் ஒரு நம்பர்… அது இடம். சரி. அப்புறம் எழுத்து அளவு. அப்புறம் ஒரு எல், ஒரு எம்… ஆமா, மேற்குப் புள்ளிக்கு எல் போட்டேன். பேர் இடது பக்கமா வரட்டும்னு. கிழக்குப் புள்ளிக்கு ஆர், வலது பக்கமா போகட்டும்னு… என்னது? …தலைகீழா? …திரும்பச் சொல்லுங்க அண்ணா, மழை சத்தம்…"

அவள் ஒரு காகிதத்தில் புள்ளி வைத்து, பக்கத்தில் பேர் எழுதிப் பார்த்தாள். எல் என்றால் பேர் இடது பக்கம் போகும் என்று அர்த்தமில்லை. பேரின் இடது நுனியைப் புள்ளியில் ஆணி அடிக்கிற மாதிரி. நுனி அங்கே மாட்டிக்கொண்டால் மிச்ச எழுத்தெல்லாம் வலது பக்கம்தான் ஓடும்.

"அப்போ நான் ரெண்டையும் உள்பக்கமா ஓட விட்டிருக்கேன்… சே. யார் அண்ணா இப்படியெல்லாம் யோசிச்சு வெச்சாங்க… சரி, சரி, மாத்தறேன். மேற்குக்கு ஆர். கிழக்குக்கு எல். மாத்திட்டேன்… முழுசா ஓட்ட வேணாமா, கடைசி வரி மட்டும் போதுமா… சரி. அம்புக்குறி போட்டு, படத்தோட பேர். என்டர்… ஓடிருச்சு. திறக்கறேன்."

திறந்தாள்.

"அண்ணா… அண்ணா, ஆறு இல்ல… ஆறே இல்ல அண்ணா. ரோடும் இல்ல, கரையும் இல்ல. வெள்ளைத் தாள்ல பாலத்துப் பேருங்க ரெண்டு மட்டும் தொங்கிட்டு இருக்கு… அம்புக்குறியா? …ஒண்ணுதான் போட்டேன்… ரெண்டு போடணுமா… ஒண்ணு போட்டா பழசு எல்லாம் அழிஞ்சிருமா… நீங்க சொல்லலையே அண்ணா… இல்ல, இல்ல, உங்களைச் சொல்லல. என் தலையெழுத்தைச் சொல்றேன்… மொதல்லேருந்து ஓட்டணுமா? எவ்வளவு நேரம் ஆகும்… மலை, பள்ளம் எல்லாம் திரும்பக் கணக்கு போடுமா… சரி. ஓடுது. திரையில சக்கரம் சுத்துது."

அவளுக்குக் கண் கரித்தது. அந்தப் பக்கம் அவர் மூச்சு தலையணைக்குள் புதைந்து வந்தது. படத்தை அவர் பார்க்க முடியாது. பார்க்கிற இவளுக்கோ ஒன்றும் புரியவில்லை.

"கையால எழுதி போட்டோ எடுத்து அனுப்பிரட்டுமான்னு கேட்டேன் அண்ணா. சார் ஒத்துக்கல. ஆபீஸ் முத்திரையோட வர்ற படம்தான் போகணுமாம்… ஒரு நிமிஷம், சார் வராரு… சார், ஆயிட்டே இருக்கு சார்… எந்தப் படம் சார்? …அதுவா? அது பார்க்கறதுக்கு வெச்ச படம் சார். தப்பு இருக்குன்னு… எப்போ சார் அனுப்பினீங்க? …எல்லா டிரைவருக்குமா?"

சார் மேலதிகாரியிடம் பேச வேண்டும் என்று குடையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார். அவர் போன கதவையே அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா, அந்தக் கரிக்கோடு படம் போயிருச்சு. பஸ்ஸெல்லாம் கிளம்பியாச்சாம்… பண்ணினேன் அண்ணா, இதோ மேஜை போன்லேருந்து பண்ணிட்டேதான் இருக்கேன், ஒருத்தருக்கும் லைன் போகல… தெரியல அண்ணா. என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல… இருங்க, இருங்க. மேஜை போன் அடிக்குது. வெச்சிராதீங்க, ஸ்பீக்கர்ல போட்டுக் கீழ வெக்கிறேன்."

மேஜை போனை எடுத்தாள்.

"ஹலோ… ஆமா, கட்டுப்பாட்டு ஆபீஸ்தான்… யாரு, டிரைவரா? எந்த பஸ்? …நீங்க எங்க இருக்கீங்க… பாலத்துக்கு முன்னாடியா, பாலத்து மேலயா… மேலயா… கைப்பிடிச்சுவர் எப்படி இருக்கு? கல்லா, இரும்புக் கம்பியா? …கல்லு. பாசி பிடிச்ச கல்லு…"

பழைய பாலம். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"கேளுங்க. அது பழைய பாலம். பஸ் போகக் கூடாது… ஆமா, படத்துல தெரியலதான். எங்க தப்பு. அப்புறம் திட்டுங்க. பின்னாடி எடுக்க முடியுமா… இன்னொரு பஸ் ஏறி நிக்குதா, உங்களுக்குப் பின்னாடியே… ரெண்டும் மேலயா… உள்ள எத்தனை பேர்? …ரொம்பி வழியுதா. குழந்தைங்க அழற சத்தம் இங்க கேக்குது… சாரா? சார் வெளிய போயிருக்காரு… இல்ல, வேற யாரும் இல்ல. நான் மட்டும்தான்…"

அந்தப் பக்கம் காற்றும் தண்ணீரும் கலந்து இரைந்தன.

"இறக்குங்க. எல்லாரையும் இறக்கி நடக்க விடுங்க… ஆமா, வந்த வழியாவே, கூட்டமா வேணாம், கொஞ்சம் கொஞ்சமா… நான்தான் சொல்றேன். என் பேர்லயே எழுதிக்கோங்க… மழையில நனைஞ்சா நனையட்டும். அப்புறம் பின்னாடி இருக்கிற பஸ்ஸை வெறும் வண்டியா மெதுவா எடுக்கச் சொல்லுங்க, அது இறங்கின பிறகு நீங்க… வெக்காதீங்க. போனைச் சட்டைப் பையிலயே போட்டுக்கோங்க. நான் லைன்லதான் இருக்கேன்."

அதற்கு மேல் அவள் செய்வதற்கு எதுவும் இல்லை. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். துணி உரசுகிற சத்தம். யாரோ ஒரு கிழவரைத் தூக்கச் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம். டிரைவர் யாரையோ அதட்டுகிறார், மூட்டை முடிச்சை விட்டுவிட்டு வரச் சொல்லி. பிறகு வெறும் தண்ணீர். எதிரே திரையில் சக்கரம் நின்று, படம் வந்திருந்தது. ஆறு இருந்தது, ரோடு இருந்தது. புதுப் பாலத்தின் பேர் தன் புள்ளிக்கு மேற்கே, பழைய பாலத்தின் பேர் தன் புள்ளிக்குக் கிழக்கே, ஒன்றை ஒன்று தொடாமல் அழகாக நின்றன. அந்தப் படத்தைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

"ஹலோ… ஆமா, இருக்கேன்… இறங்கிட்டாங்களா… எல்லாருமா? …நல்லா எண்ணிப் பார்த்தீங்களா… பின்னாடி வண்டி? …சரி… சரி… உங்க வண்டி? …மெதுவா. அவசரம் இல்ல, மெதுவா… சக்கரம் பாலத்தை விட்டு ரோட்டுக்கு வந்திருச்சா? ரெண்டும் வெளிய வந்திருச்சா… சரி. சரி… இல்ல, அழல. சளி… புதுப் பாலம் மேற்கால இருக்கு. உங்க இடது கைப் பக்கம் கரையோரமா போங்க, இரும்புக் கம்பி போட்ட பாலம். நல்ல படம் இப்ப வரும். அதைத்தான் பார்க்கணும், பழசை அழிச்சிருங்க… மத்த டிரைவருங்களுக்கும் நீங்களே சொல்லிருங்க… வெக்கிறேன்."

படத்தை அனுப்பிவிட்டு, மேஜை மேல் மல்லாந்து கிடந்த செல்போனுக்குக் குனிந்தாள்.

"அண்ணா, கேட்டீங்களா? ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. வெறும் வண்டியா பின்னாடியே எடுத்துட்டாங்க… பேர் சரியா விழுந்திருச்சு அண்ணா, நீங்க சொன்ன மாதிரியே, ஆணி அடிச்ச மாதிரி… அண்ணா? …அண்ணி, போன் உங்க கையிலயா? …ஹலோ?"

போனைக் கையில் எடுத்தாள். லைன் எப்போதோ அறுந்திருந்தது. இரண்டு பஸ்ஸும் பாலத்து மேலே நிற்கின்றன என்பது வரை மட்டும்தான் அவர் கேட்டிருப்பாரோ என்னவோ.

மறுபடி போட்டாள். அந்தப் பக்கத்து போனை அணைத்து வைத்திருப்பதாகப் பதிவுக் குரல் சொன்னது. மறுபடி போட்டாள்.