கை உயர்த்தும் சபை

அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள் சார். வேர்த்தால் பரவாயில்லை. கடகடவென்று சத்தம் வந்தால் எனக்குப் பேச்சு கோர்வையாக வராது.

உத்தமபாளையத்தில் எங்கள் இசை விழா நடப்பது ஒரு பழைய வீட்டின் கூடத்தில். மைக் செட் கிடையாது. நெருக்கி உட்கார்ந்தால் நூறு பேர். தை பிறந்துவிட்டால் கம்பத்திலிருந்தும் குமுளியிலிருந்தும், "ஹேமா மேடம், எனக்கு ஒரு சீட்டு" என்று போனுக்கு மேல் போன். தோட்டக்காரர், வக்கீல், ஏலக்காய் வியாபாரி எல்லாரும் வருவார்கள். செருப்பு வெளியே, செல்போன் வாசல் கூடையில். தொடங்கும் முன் சாம்பிராணி போட்டு, ரோட்டுச் சத்தம் வராதபடி கதவு சன்னலை அடைத்துவிடுவோம். கைதட்டக் கூடாது, சபாஷ் போடக் கூடாது. பிடித்திருந்தால் வலது கையைச் சத்தமில்லாமல் உயர்த்த வேண்டும். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவள் நான்தான்.

ஈஸ்வரபாண்டி அண்ணன் முதல் வருடத்திலிருந்து முன்வரிசை. வாழைக்காய் மண்டி வைத்திருக்கிறார். நல்ல மனுஷர், விழாவுக்குத் தேடித்தேடி ஆள் சேர்த்தவர். எல்லாம் சரி, இருமுவார். அதுவும் வாசிப்பு இழையாக மெலிகிற இடம் பார்த்து இருமுவார். எனக்குச் சந்தேகம் அங்கேதான் விழுந்தது. ஒருநாள் வாழைத்தார் வாங்குகிற சாக்கில் அவர் மண்டியில் போய் உட்கார்ந்தேன். காலை முழுக்கத் தொண்டை கிழிய ஏலம் கூவினார். ஒரு இருமல், ஒரு கனைப்பு கிடையாது. காற்றாடத் திறந்து கிடக்கிற மண்டியில் வராத இருமல், என் கூடத்துக்குள் மட்டும் எப்படி வரும்? நீங்கள் போலீஸ்காரர், நீங்களே சொல்லுங்கள்.

போன வருடப் பதிவு முழுக்க அவர் இருமல்தான். கேட்டதற்குச் சிரித்தார்.

"நானா இருமுறேன்? அதுவா வருதுத்தா."

அதுவாக வருகிறதாம். யாருக்குக் காது குத்துகிறார்?

இந்த வருடம் சொர்ணலதா வீணை, காலைக் கச்சேரி. பதிவு செய்ய மதுரையிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். அண்ணனை வண்டியில் கொண்டுவந்து விட்ட அவர் மனைவி ஜோதிலட்சுமி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஹேமா, அவுகளுக்கு விடிஞ்சதுல இருந்தே நெஞ்சு இழுக்குது. போகாதீகன்னா கேக்க மாட்டேங்குறாக. கொஞ்சம் பாத்துக்க."

"நான் பாத்துக்கிறேன் மதினி. நீங்க நிம்மதியாப் போங்க."

வாசலில் அண்ணன் செல்போனைக் கூடையில் போட்டார். சட்டைப்பையில் மூச்சு மருந்து இருந்தது, வாயில் வைத்து அழுத்துகிற அந்த நீலக் குழல். அதற்கும் புஸ்ஸென்று ஒரு சத்தம் உண்டு. கையை நீட்டினேன்.

"அண்ணே, அதையும் குடுங்க. நான் பக்கத்துலதான் இருப்பேன். வேணும்னா கையைத் தூக்குங்க, கொண்டாந்து தாரேன்."

"நீ சொன்னாச் சரித்தா. ரெக்கார்டிங் கெட்டுறக் கூடாது" என்று எடுத்துக் கொடுத்தார்.

சொர்ணலதா ஆலாபனையை விரித்துக்கொண்டே போய் உச்சியில் நின்றபோது அண்ணன் கையைத் தூக்கினார். பின்னால் இருந்தவர்கள் பார்த்தார்கள். முதல் வருடத்து ரசிகரே தூக்கிவிட்டார் என்றால் சும்மாவா? ஒவ்வொன்றாகக் கைகள் எழுந்தன. சொர்ணலதாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது, அதே இடத்தை இன்னொரு சுற்று வாசித்தார். அண்ணன் கையை இறக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. மருந்து என் மடியில், முந்தானைக்கு அடியில் இருந்தது. சபையே தூக்கியிருக்கிறதே என்று நானும் என் வலது கையைத் தூக்கினேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் கை இறங்கியது, தலை சாய்ந்தது. இசையில் சொக்கிவிட்டார் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள். ராகம் முடியும்வரை எங்கள் சபையில் யாரும் எழுந்திருப்பதில்லை.

ஆமாம் சார், கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார். தெரிந்துதான் கொடுக்கவில்லை. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள். அந்தப் பதிவை எத்தனை முறை வேண்டுமானாலும் போட்டுக் கேளுங்கள், கடைசிவரை ஒரு இருமல் கிடையாது. மனது வைத்தால் அவரால் அடக்க முடியும் என்று நான் சந்தேகப்பட்டது சரிதானே?