கை நீட்டாத பண்ணை

– இல்லைங்க, அப்புறம் சொல்ற விஷயம் இல்லை இது. நீங்க கூட்டத்துக்குக் கிளம்பறதுக்கு முன்னாடியே சொல்லியாகணும். அந்தக் காகிதக் கட்டை இங்க வைக்காதீங்க, பூ பக்கெட் தண்ணி பட்டுடும்.

– பட்டுச்சோ தொலைஞ்சேன்! ரெண்டு வருஷமா மனு மேல மனு போட்டு வாங்கின பட்டியல். தொற்றுக் காலத்துல எந்தெந்தப் பண்ணை அரசாங்க நிவாரணம் வாங்குச்சு, எவ்வளவு வாங்குச்சுன்னு புட்டுப் புட்டு வச்சிருக்கு. பத்து மணிக்குப் பண்ணைக்காரங்க சங்கத்துல நான்தான் வாசிக்கப் போறேன்.

– முழுசாப் படிச்சீங்களா?

– நேத்து சாயங்காலம்தானே கைக்கு வந்துச்சு. அந்தக் கோழிப்பண்ணைக்காரன் பேரைத் தேடினேன். ரெண்டு தடவை வாங்கியிருக்கான்! ஒண்ணு மச்சினன் பேர்ல. அந்த மச்சினனுக்குக் கோழிக்கும் காக்காய்க்கும் வித்தியாசம் தெரியாது.

– பூப்பண்ணைங்க இருக்கற பக்கத்தைப் பார்த்தீங்களா?

– அதுல என்ன பார்க்க? எழுத்து வேற எறும்பு மாதிரி இருக்கு.

– இந்தாங்க கண்ணாடி. பதினோராவது பக்கம்.

– என்னடி இது? நம்ம பண்ணை பேரு போட்டிருக்கு.

– ஆமா.

– எவனோ ஆபீஸ்ல தூங்கிக்கிட்டே தட்டியிருக்கான். ஃபோனை எடு, ஒரு பிடி பிடிக்கறேன்.

– தப்பில்லைங்க. நான்தான் வாங்கினேன். பண்ணை நம்ம ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு, ஒரு கையெழுத்து போதும்னாங்க.

– நான் வேண்டாம்னு சொன்னேனே! நம்மளுது வேலை செய்யற கை, நீட்டற கை இல்லைன்னு இதே மேசையைத் தட்டிச் சொன்னேனே!

– சொன்னீங்க. கல்யாணமெல்லாம் நின்னுபோய் ரோஜாவை வண்டி வண்டியா குழியில கொட்டினோமே, அந்த வாரம். சொல்லிட்டு உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டீங்க. மூணு நாள் யாரோடயும் பேசலை. வாசல்ல நம்ம வேலையாளுங்க நாலு பேரும் கூலிக்கு நின்னாங்க.

– அவங்களுக்குச் சேமிப்புலேர்ந்து கொடுத்தேன்னு சொன்னியே.

– சேமிப்பு கரண்ட் பில்லுக்கே பத்தலை. வந்த நிவாரணம் அத்தனையும் கூலிக்குத்தான் போச்சு. வேற எதுக்கும் தொடலை. மாசாமாசம் அவங்க கூலி வாங்கிக்கிட்டு கையெழுத்துப் போட்ட சீட்டு பீரோவுல இருக்கு.

– ஐயோ, நான் எத்தனை கூட்டத்துல மார் தட்டியிருப்பேன்! 'வாங்கினவனுக்குப் பேரைச் சொல்ல என்ன வெட்கம்'னு கேட்டவனே நான்தான். கோழிப்பண்ணைக்காரன் இன்னைக்கு என்னை உரிச்சு உப்பு தடவிடுவான்.

– அந்த ஒரு பக்கத்தை மட்டும் விட்டுட்டு வாசிச்சா?

– என்ன பேச்சு பேசற? அதுக்காகவா ரெண்டு வருஷம் ஆபீஸ் படியைத் தேய்ச்சேன்?

– சும்மா கேட்டுப் பார்த்தேன்.

– முதல்ல நம்ம பேரைத்தான் வாசிக்கப் போறேன். சீட்டையெல்லாம் எடுத்துக் கொடு, அதையும் காட்டிடறேன். அப்புறம்தான் அவனும் அவன் மச்சினனும்.

– சரி. சட்டைப் பட்டனை மாத்திப் போட்டிருக்கீங்க, இப்படித் திரும்புங்க.

– சங்கம் சிரிச்சா சிரிச்சுட்டுப் போகுது. நம்ம வேலையாளுங்க நாலு பேர் மூஞ்சியில எப்படி முழிப்பேன்? தினமும் டீ குடிக்கறப்ப, 'உங்க முதலாளி கவர்மென்ட் காசைக் கையால தொடாதவன்'னு எவ்வளவு பீத்தியிருப்பேன்! பாவம், எல்லாத்துக்கும் தலையாட்டுவாங்க. இனி என்னை என்னன்னு நினைப்பாங்க?

– புதுசா என்னங்க நினைக்கப் போறாங்க? விண்ணப்பத்தை எழுதி, என் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு எடுத்துட்டு வந்ததே அவங்க நாலு பேரும்தான். 'ஐயா தாங்க மாட்டாரு, நாங்க தெரியாத மாதிரியே இருந்துக்கறோம்மா'ன்னாங்க.