வாத்தின் இடது பக்கம்

— அந்த ஸ்விட்ச் இல்ல கேப்டன். அதுக்கு மேல இருக்கிறது.

— அட, ஆமா. வயசாச்சு வாத்தியாரே. கண்ணு ஒண்ணைப் பாக்குது, கை ஒண்ணைத் தட்டுது.

— இப்பப் பாருங்க, ரெண்டு எஞ்சினும் ஓடுது. சத்தத்தை அச்சு அசலாப் பிடிச்சிருக்காங்க.

— அது சரி, டியூஷன் எடுக்கிற கணக்கு வாத்தியாருக்கு இந்த வாத்து விமானத்தோட ஸ்விட்ச் எது எங்க இருக்குன்னு எப்படித் தெரியும்?

— எல்லாம் நீங்க விருப்பப் பட்டியல்ல எழுதினதுதான். ஆறு வருஷமா ஒரு வரி விடாமப் படிச்சிருக்கேனே.

— ஸ்விட்சைப் பத்தி நான் எழுதின மாதிரி ஞாபகம் இல்லையே.

— எழுதியிருப்பீங்க. விடுங்க. என் கண்ணுக்கு இது இன்னும் கனவு மாதிரித்தான் இருக்கு. கம்ப்யூட்டர்ல விமானம் ஓட்டுற கூட்டம் மொத்தமும் அந்தப் பட்டியல்ல பெரிய ஜெட்டு வேணும், போர் விமானம் வேணும், தண்ணில இறங்குறது வேணும்னு கேக்குது. நாம ரெண்டு பேர் மட்டும் நாப்பத்திநாலு சீட்டு வாத்துக்கு மல்லுக்கட்டினோம்.

— "தாத்தாக்களா, இந்த ஓட்டை விமானத்தை எவன் காசு குடுத்து வாங்குவான்"னு கேட்டானுங்களே.

— அடி மேல அடி வச்சா அம்மியும் நகரும். கம்பெனிக்காரங்க செஞ்சு அனுப்பிட்டாங்க பாருங்க. வெளியிடறதுக்கு முன்னாடி உங்ககிட்டதான் முதல் பிரதி.

— அதுக்குக் காரணம் நீங்க வாத்தியாரே. மாசம் பொறந்தா ஒண்ணாம் தேதி தவறாம "எனக்கும் வாத்துதான்"னு ஒரு வரி போடுவீங்க. அதைப் பாத்தாத்தான் எனக்கு அடுத்த மாசத்துக்குத் தெம்பு வரும்.

— அஞ்சு மணிக்குக் கம்பெனிக்காரங்க கூப்பிடுறாங்கல்ல?

— ம். என் குரலைப் பதிவு பண்ணணுமாம். முதல் பக்கத்துல "ஆலோசனை, கேப்டன்"னு போட்டு என் பேரைப் போடப்போறாங்களாம்.

— பெருமையான விஷயம்தானே.

— அந்த வலது சீட்டுல உக்காருங்களேன். நீங்க வர்றீங்கன்னுதான் தச்சுவேலைக்காரரை வச்சுப் போன வாரம் அடிச்சேன். தலையணைகூட புதுசு.

— வேண்டாம், எனக்கு இந்த ஸ்டூலே போதும்.

— நாலு மணி நேரம் பஸ்ல வந்துட்டு ஸ்டூல்லயா?

— முதுகுவலி. சாஞ்சா எழுந்திருக்க முடியாது. வீட்டுல யாரும் இல்லையா?

— வீட்டுக்காரி அவ தங்கச்சியைப் பாக்கப் போயிருக்கா. வர இருட்டிடும்.

— என்னங்க, வாசல்ல புதுச் செருப்பு கிடக்கு? யாரு வந்திருக்கா?

— நீ அதுக்குள்ள வந்துட்டியா?

— அவ வீடு பூட்டிக் கிடக்கு. போன் பண்ணாம வந்தது என் தப்பாம், பக்கத்து வீட்டுக்காரி சொல்றா. வாங்கண்ணே. தண்ணிகூட குடுக்காம உக்கார வச்சிருக்காரா?

— வணக்கம் தங்கச்சி. நான் கேப்டனோட கம்ப்யூட்டர் சிநேகிதன். வாத்தியார்னு கூப்பிடுவாங்க.

— யாரோட சிநேகிதன்?

— கேப்டனோட.

— எந்தக் கேப்டன்?

— இவளே, நீ போய் டீ போடேன்.

— இருங்க. அண்ணே, நீங்க வீடு மாறி வந்துட்டீங்கபோல. இங்க கேப்டன் யாருமில்ல. இவரு ஏர்போர்ட்டுல விமானம் கழுவினவரு. இருபத்திரெண்டு வருஷம். விமானத்து இறக்கைக்குக் கீழ நின்னிருக்காரே ஒழிய, மேல ஏறிப் பறந்தது ஒரே ஒரு தடவை. அதுலயும் வாந்தி.

— போதும் இவளே.

— கழுவினதுல என்ன கேவலம்? அந்தச் சம்பளத்துலதான் ரெண்டு பொண்ணுங்களையும் கரையேத்தினோம். எதுக்குத் தலையைத் தொங்கப் போடுறீங்க? அய்யய்யோ. இவர்கிட்ட கேப்டன்னு சொல்லி வச்சிருக்கீங்களா?

— நான் சொல்லல. முதல் நாள், "இந்த விமானம் எனக்கு உள்ளயும் தெரியும், வெளியவும் தெரியும்"னு எழுதினேன். அடுத்த நிமிஷம் எவனோ "நீங்க கேப்டனா சார்"னு கேட்டான். நான் ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. மறுநாள் பாத்தா நூறு பேர் கேப்டன் கேப்டன்னு...

— கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்குன்னு சொல்வாங்க. உங்களுது ஆறு வருஷம் ஓடியிருக்கு.

— வாத்தியாரே, என் முகத்தைப் பாக்காதீங்க. நாலு மணி நேரம் பஸ்ல வந்தீங்க, ஒரு புளுகனைப் பாக்க.

— இருக்கட்டும். அதனால என்ன.

— அதனால என்னவா? கழுவுறவன் சொன்னா எவன் சார் கேப்பான்? கேப்டன் சொன்னான்னுதானே கம்பெனிக்காரன் செஞ்சான். இப்ப அஞ்சு மணிக்கு அவன் என் குரலைக் கேக்கப்போறான். மேல ஏறும்போது கேப்டன் என்ன சொல்வாருன்னு எனக்கு என்ன தெரியும்? கீழ நின்னவனுக்குக் கேக்குறது எஞ்சின் சத்தம் மட்டும்தான்.

— நான் சொல்லித் தர்றேன்.

— நீங்களா?

— படிச்சிருக்கேன்ல. அதை விடுங்க. எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. இருபத்திரெண்டு வருஷத்துல எத்தனையோ விமானம் கழுவியிருப்பீங்க. எதுக்கு இந்த வாத்து?

— எல்லாரும் வேற வேற கேட்டாங்க, நான் இதைக் கேட்டேன்.

— அதுமட்டும் இல்ல. நீங்க பட்டியல்ல கம்பெனிக்கு எழுதின எல்லாத்துலயும் ஒரே விஷயத்தைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கீங்க. இடது பக்கத்துத் துளை அடைச்சா மீட்டர் எப்படிக் காட்டும், அதைச் சரியாச் செய்யுங்கன்னு. விமானம் ஓட்ட ஆசைப்படுறவன் வேற கேப்பான். வெளிச்சம், சத்தம், மேகம்னு கேப்பான்.

— மணி பாருங்க, அஞ்சாகப் போகுது.

— எதுக்கு அந்தத் துளை?

— என்ன துளைங்க? எனக்கும் சொல்லுங்க.

— உக்காரு இவளே. நீயும் கேட்டுடு. விமானம் எவ்வளவு உயரத்துல இருக்குன்னு காட்டுற மீட்டருக்கு வெளிக்காத்து வேணும். அதுக்கு உடம்புல சின்னச் சின்னத் துளை இருக்கும். மத்த விமானத்துல ரெண்டு பக்கத்துத் துளையையும் சேத்துக் குழாய் போட்டிருப்பாங்க. வாத்துல மட்டும் தனித்தனி. இடது துளை கேப்டன் மீட்டருக்கு. வலது துளை வலது சீட்டுல உக்காந்திருக்கிற துணை விமானி மீட்டருக்கு.

— சரி.

— கழுவும்போது தண்ணி போகாம அதை மூடணும். சிவப்பு நாடா தொங்குற மூடி இருக்கும். வேலை முடிஞ்சா நாடாவை எண்ணிப் பெட்டியில போடுவோம். ஒரு நாள் ராத்திரி இடது மூடியைக் காணோம். தேடினா நேரமாகும். வெள்ளை டேப்பைக் கிழிச்சு ஒட்டினேன். வெள்ளை விமானத்துல வெள்ளை டேப்பு.

— அப்புறம்?

— முடிஞ்சதும் நாடாவை எண்ணினேன். பெட்டியிலேருந்து எத்தனை எடுத்தேனோ அத்தனையும் இருந்துச்சு. எண்ணிக்கை சரியாப் போச்சு வாத்தியாரே. டேப்புக்குத்தான் எண்ணிக்கை கிடையாதே.

— கழட்ட மறந்துட்டீங்களா?

— மறந்துட்டேன். காலையில மழை. விமானம் மேல போச்சு. மேகத்துக்குள்ள கேப்டன் மீட்டர் அசையல, வேகமுள்ளு கீழ இறங்குது. பக்கத்துல இருக்கிறவன் மீட்டர் வேற சொல்லுது. எதை நம்புறது? திரும்பி வந்தாரு. வேகமா வந்து இறங்கி, ஓடுபாதை தாண்டிச் சேத்துல போய் மூக்கு குத்தி நின்னுச்சு. ஒரு பெரியவருக்குக் கால் முறிஞ்சுது. சாவு இல்ல.

— அந்த விபத்தா? ஊரே பேசிச்சே. கேப்டன் மேலதானே தப்புன்னு சொன்னாங்க?

— அதைத்தான் சொல்ல வர்றேன் இவளே. நாங்க எல்லாரும் உதவி பண்ண ஓடினோம். நான் இடது பக்கமா ஓடினேன். டேப்பு அப்படியே ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. உரிச்சுச் சட்டைப் பையில போட்டுக்கிட்டேன்.

— நீலச் சட்டை.

— ஆமா.

— பையில டேப்பு சுருண்டு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. கொதிக்கிற தண்ணில போட்டும் போகல. சட்டையைத் தூக்கிப் போட்டுட்டேன். ரெண்டு நாள் நீங்க சாப்பிடல. ஒரு சட்டைக்கா இந்த மனுஷன் இப்படி வருத்தப்படுறாருன்னு நினைச்சேன். இருபத்தாறு வருஷமா என்கிட்டகூடச் சொல்லலையே நீங்க.

— எந்த வாயால சொல்லுவேன்? நீ காறித் துப்பியிருப்ப.

— துப்பியிருப்பேன்தான். துப்பிட்டுக் கூட வந்திருப்பேன், அந்தக் கேப்டன் வீட்டுக்கு. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு விட்டுட்டீங்களே.

— விசாரணையில அவரு தலையில அடிச்சுக்கிட்டுச் சொன்னாராம், என் மீட்டர் அசையலைன்னு. அவங்க பாத்தப்ப எல்லாம் சரியா இருந்துச்சு. உமக்கு ஓட்டத் தெரியலைன்னு லைசென்ஸைப் பிடுங்கி அனுப்பிட்டாங்க. நான் அதே ஏர்போர்ட்டுல இன்னும் எட்டு வருஷம் கழுவினேன். ஓய்வு பெறும்போது மாலை போட்டாங்க வாத்தியாரே. மாலை.

— அதுக்காகத்தான் இந்த விமானமா?

— எனக்கு ஒண்ணு தெரியணும். அந்த மீட்டரை வச்சுக்கிட்டு வேற எவனாவது ஒழுங்கா இறக்கியிருக்க முடியுமா? முடியும்னா பாவத்துல பாதி எனக்கு. முடியாதுன்னா முழுசும் எனக்கு. இந்தப் பிரதி வந்த நாலு நாள்ல, மழையைப் போட்டு, இடது துளையை அடைச்சு, நாப்பது தடவை ஓட்டிப் பாத்தேன். நாப்பது தடவையும் சேத்துலதான் போய் நின்னுச்சு.

— உங்களுக்கு ஓட்டத் தெரியாது. அதை வச்சு முடிவு பண்ணக் கூடாது.

— யாருக்கு ஓட்டத் தெரியும்னு தேடுறது? ஆனா ஒண்ணு சொல்றேன். என்னை அன்னிக்குக் காப்பாத்தினது கடவுள் இல்ல. வலது சீட்டுல இருந்த பையன்.

— அவன் என்ன பண்ணான்?

— புதுசாச் சேந்தவன். முகம்கூட ஞாபகம் இல்ல. கிளம்புறதுக்கு முன்னாடி விமானத்தைச் சுத்தி வந்து ஒவ்வொரு துளையாப் பாக்குறது அவன் வேலை. "நான் பாத்தேன், இடது துளை சுத்தமா இருந்துச்சு, என் மீட்டர் சரியாக் காட்டுச்சு"ன்னு சொல்லிட்டான். அந்த ஒரு வார்த்தையிலதான் கேப்டன் கதை முடிஞ்சுது. டேப்பு இருந்துச்சே வாத்தியாரே, என் கையால உரிச்சேனே. இவன் எப்படிச் சுத்தமா இருந்துச்சுன்னு சொன்னான்? குருடனா அவன்? இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல.

— கொஞ்சம் தண்ணி குடு தங்கச்சி.

— இந்தாங்கண்ணே. புழுக்கமா இருக்கா? ஜன்னலைத் திறக்கட்டுமா?

— வேண்டாம். டேப்பு நிஜமாவே இருந்துச்சா? சத்தியமா?

— சத்தியமா. எதுக்கு நான் இதுல பொய் சொல்லணும்?

— அப்ப அவரு சொன்னது உண்மை. அந்த மீட்டர் நிஜமாவே அசையல.

— போன் அடிக்குதுங்க. அஞ்சு மணி.

— எடுக்கிறேன். எடுத்து நான் கேப்டன் இல்லைன்னு சொல்லிடுறேன். கழுவுறவன்னு போடட்டும், இல்ல பேரே போடாம விடட்டும்.

— அது போதாதுங்க. கம்பெனிக்காரன் மன்னிச்சு என்ன ஆகப்போகுது? அந்த மனுஷன் கால்ல போய் விழணும்.

— அவரு இருக்காரா இல்லையான்னே தெரியாதே. எங்கன்னு போய்த் தேடுவேன்?

— இருக்காரு. போனை அப்புறம் எடுக்கலாம், அடிக்கட்டும். ஆஸ்பத்திரிக்கு எதிர்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்காரு. சின்னக் கடைதான். இடது கண்ணுல புரை, ஆபரேஷன் பண்ணிக்கல. மாசா மாசம் ஒண்ணாம் தேதி போய் எதிர்ப்பக்கம் நின்னு பாத்துட்டு, ரோட்டைத் தாண்டாமத் திரும்பி வந்துடுவேன்.

— வாத்தியாரே, உங்களுக்கு எப்படி அவரைத் தெரியும்?

— அன்னிக்கு மழை. நான் போட்டிருந்தது புதுச் சட்டை. நனைஞ்சுடுமேன்னு கீழ இறங்காமலே, சுத்திப் பாத்தேன்னு கையெழுத்துப் போட்ட அந்தக் குருடன் நான்தான்.