அறுபத்தொன்றாம் பக்கத்தின் இரண்டு பிழைகள்

அன்புள்ள சந்திரகலாவுக்கு,

நீங்கள் அனுப்பிய புத்தகம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. உறை மழையில் கொஞ்சம் நனைந்திருந்தது, உள்ளே ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் கேட்டபடி அறுபத்தொன்றாம் பக்கத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து இதனுடன் வைத்திருக்கிறேன். ஒரு சொல் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஆனால் சீன மூலத்திலேயே இரண்டு பிழைகள் இருக்கின்றன. அவற்றைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஒரு பக்கம்தான் கேட்டீர்கள். நான் முழுவதையும் படித்துவிட்டேன். சீனாவின் பைஹே கால்பந்துக் கழகத்தின் வரலாறாம். பதினைந்து வருஷம் உயிரோடு இருந்த கழகத்துக்கு முந்நூறு பக்கம். 1994இல் உருக்காலைக்காரர்கள் தொழில்முறைக் குழுவாக அதைத் தொடங்கியபோது பெயர் உருக்காலைக் கழுகுகள். இரண்டே வருஷத்தில் ஓர் இருமல் மருந்துக் கம்பெனி வாங்கியது; கழுகின் நெஞ்சில் மருந்துப் போத்தல் ஏறியது. பிறகு பியர்க் கம்பெனி, அதன் பிறகு வீடு கட்டி விற்பவர்கள். முதலாளி மாறும்போதெல்லாம் பெயர் மாறியது, சட்டையின் நிறம் மாறியது, கடைசியில் ஊரே மாறியது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். இந்த வருஷம் இழுத்து மூடிவிட்டார்கள். மூடிய கடையின் முன்னால் நின்று ஒப்பாரி வைப்பவர்கள் சேர்ந்து போட்ட புத்தகம் இது. எந்தப் பெயரைச் சொல்லி அழுவது என்பது அவர்களுக்கே தெரியாது.

வென்ற கோப்பை ஒன்றுகூடக் கிடையாது. கும்பிட ஒருவன் வேண்டுமே, அதற்குத்தான் லியாங். இடது ஓரத்தில் ஓடுகிறவன், இருபத்திரண்டு வயது. அவனுடைய படம்தான் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. மெல்பனில் நடந்த பயிற்சி ஆட்டத்தின் அறுபத்துமூன்றாம் நிமிடத்தில் அவன் விழுந்து இறந்தான் என்று எழுதியிருக்கிறார்கள். இது முதல் பிழை. விழுந்தது ஐம்பத்தேழாம் நிமிடத்தில். நான் முதல் நிமிடத்திலிருந்தே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்னை உங்களுக்கு வாசு அங்கிளாகத்தான் தெரியும். ஈப்போவில் எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்தது சீனப் பள்ளி. சாலையைக் கடந்தால் போதும் என்று அப்பா அதிலேயே சேர்த்துவிட்டார். 1983இல் படிக்க மெல்பன் வந்தேன், பிறகு மொழிபெயர்ப்பாளன் ஆனேன். சீனம் பேசும் தமிழனைச் சீனர்கள் சர்க்கஸ் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மெல்பனின் ரோவில் புறநகரில் இருந்த யாழ்ப்பாணத்தவர்கள் என்னைப் பார்த்த விதம் வேறு. மலேசியாக்காரன் என்றால் அப்பன் பாட்டன் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவன் என்று முடிவு கட்டிவிட்டுத்தான் கை குலுக்குவார்கள்.

உங்கள் பத்தாவது பிறந்தநாள் நினைவிருக்கிறதா? நீங்கள் கேக் கத்தியோடு நின்றீர்கள். யாரோ என் சீனத்தைப் புகழ்ந்தார்கள். உங்கள் அப்பா டாக்டர் மகேந்திரராஜா கதிரையில் சாய்ந்தபடி சொன்னார்: “அதில என்ன கெட்டித்தனம்? ஆள் ஒரு குழாய். இஞ்சால ஊத்தினா அங்கால வரும்.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உங்கள் அம்மா எனக்குப் பெரிய துண்டாக வெட்டிக் கொடுத்தார்.

மறுவருஷம் பிப்ரவரியில் அந்தக் கழகம் குளிருக்குத் தப்பி இங்கே பயிற்சிக்கு வந்தது. நான்தான் அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளன். ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், நல்ல வெயில், லியாங் மைதானத்தில் மயங்கி விழுந்தான். பக்கத்தில் எனக்குத் தெரிந்த மருத்துவர் உங்கள் அப்பாதான். அங்கே கூட்டிப்போனேன். குழுவின் மேலாளர் குவோவும் வந்தார். அவர் இரண்டு வருஷம் லண்டனில் இருந்தவர், ஆங்கிலம் நன்றாகவே புரியும்.

உங்கள் அப்பா அவன் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், ஈசிஜி எடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் பேசினார். நம்மவர் ஒருவர் எதிரே இருந்தால் நாம் எல்லோரும் செய்வதுதான். ஆங்கிலத்தில் பேசியிருந்தால் குவோவின் காதில் விழுந்திருக்கும், இந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது. அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

“வாசு, இதை வடிவாச் சொல்லும். பெடியன்ர இருதயத்தில ஒரு சத்தம் கேக்குது. ஈசிஜியும் சரியில்லை. திங்கட்கிழமை நானே ஸ்பெஷலிஸ்ட்டிட்ட நாள் எடுத்துத் தாறன். அதுவரைக்கும் ஓடவே கூடாது. ஓடினா கிரவுண்டிலயே செத்துப்போவான்.”

குவோ பொறுமையிழந்து, என்ன விஷயம் என்று ஆங்கிலத்தில் கேட்டார். உங்கள் அப்பா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், “வாசு வில் டெல் யூ” என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, “குழாயில ஒரு சொட்டும் நிக்கப்படாது, என்ன?” என்றார்.

நான் சீனத்தில் சொன்னது: வெயில்தான் காரணம். நிறையத் தண்ணீர் குடிக்கட்டும். இன்றைக்கு ஓய்வு எடுத்தால் நாளைக்கு ஆடலாம்.

இவ்வளவு நேரம் பேசினாரே, இதுதானா என்று குவோ கேட்டார். ஊர்க்கதையும் கொஞ்சம் பேசினார் என்றேன். லியாங் மகிழ்ச்சியோடு எழுந்து உங்கள் அப்பாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினான். அவருக்கே சந்தேகம் வந்தது. “என்ன வாசு, இவன் சிரிக்கிறான்?” என்றார்.

“பயத்தை மறைக்கிறான் டாக்டர். சீனவங்க பழக்கம் அது.”

“ஓமோம்” என்று தலையாட்டினார். உலகத்தில் எதைச் சொன்னாலும் அது தமக்கு முன்பே தெரியும் என்று தலையாட்டுகிற மனிதர். அவர் நம்பியதற்கு நான் என்ன செய்ய முடியும்?

லியாங்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. பேருந்தில் எனக்குச் சூரியகாந்தி விதை தருவான். சனிக்கிழமை ஆட்டத்துக்கு உள்ளூர்க்காரர் நாற்பது பேர் வந்திருந்தார்கள். நான் மரநிழலில் நின்றேன். இடைவேளையில் அவன் என்னிடம் வந்து, உங்கள் டாக்டர் கெட்டிக்காரர், தண்ணீர் குடித்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்றான். தடுக்க நேரம் இருந்தது. இன்னும் ஒரு போத்தல் எடுத்துக் கொடுத்தேன்.

விசாரணையில் உங்கள் அப்பாவிடம் இருந்த ஒரே ஆதாரம் கோப்பில் எழுதிய ஒரு வரி: அறிவுரை மொழிபெயர்ப்பாளர் மூலம் சொல்லப்பட்டது. என்ன அறிவுரை என்று என்னைக் கேட்டார்கள். தண்ணீர், ஒருநாள் ஓய்வு என்றேன். குவோவும் அதையே சொன்னார், பாவம், அவர் பொய் சொல்லவில்லை. கெட்டுப்போன ஈசிஜியைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீர் குடிக்கச் சொன்ன மருத்துவரை யார் விடுவார்கள்? கிளினிக் மூடியது.

அதற்குப் பிறகு அவரைத் தேடிப்போனவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். கேக் தின்றவர்களில் ஒருவரும் இல்லை. நான் மட்டும் ஏழு வருஷம் ஞாயிறு தவறாமல் போனேன். குசினியில் உங்கள் அம்மா எனக்கென்று தேநீர் போடுவார். உங்கள் அப்பா முதலில் கோபமாகக் கேட்டார், பிறகு கெஞ்சிக் கேட்டார்.

“நான் ஓடக்கூடாது எண்டு சொன்னனான்தானே, வாசு?”

“இல்ல டாக்டர், நீங்க சொல்லல. யானைக்கும் அடி சறுக்கும்.”

கடைசி வருஷம் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். ஒரு ஞாயிறு என் கையைப் பிடித்து, “நான்தான் மறந்துபோனன். ஒரு பிள்ளையைச் சாக்காட்டிப்போட்டன்” என்று அழுதார். அடுத்த மாதம் போய்ச் சேர்ந்தார். அந்த நம்பிக்கையோடுதான் போனார். பெருமையாகச் சொல்லவில்லை, ஆனால் அந்த வீட்டில் என்னைக் குழாய் என்று அதன்பிறகு யாரும் சொன்னதில்லை.

இரண்டாவது பிழை இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆஸ்திரேலிய மருத்துவர் ஒருவரின் கவனக்குறைவால் லியாங் இறந்தான் என்று அந்தப் பக்கம் சொல்கிறது. உங்கள் அப்பா ஒன்றையும் விடவில்லை. தெளிவாகவே சொன்னார். நான்தான் சொல்லவில்லை. ஓடினால் சாவான் என்று தெரிந்தே ஓடவிட்டேன்.

மனச்சாட்சி உறுத்தி இதை எழுதுவதாக எண்ண வேண்டாம். பிழையான மூலத்தைப் பெயர்த்துக் கொடுத்துவிட்டு, பிழையைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். தமிழில் எழுதியதற்கும் காரணம் உண்டு. நடந்தது தமிழில்.

உங்கள் அப்பாவின் பெயரைத் திருத்த இதை நீங்கள் எங்காவது கொடுக்க நினைக்கலாம். அப்படியானால் ஆங்கிலத்தில் வேண்டியிருக்கும். வெளியாட்களிடம் கொடுக்காதீர்கள், சுருக்கிவிடுவார்கள். என்னிடமே அனுப்புங்கள். இத்தனை வருஷத்தில் என் வேலையில் ஒரு சொல் தவறியதாக இதுவரை யாரும் சொன்னதில்லை.

இப்படிக்கு,
வாசுதேவன்