நேர்ந்துகொண்ட சேவல்

சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து கிளம்பிய பெரம்பலூர் பேருந்தில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவளின் மடியில் ஒரு கட்டைப்பை. அதிலிருந்து சேவல் ஒன்று தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

"இவன் பொழைச்சதுதாங்க இப்பக் கஷ்டமா இருக்கு," என்றாள் அவள்.

பூக்கூடையோடு பக்கத்தில் இருந்த அம்மா திரும்பிப் பார்த்தார்.

"வெள்ளைக்கழிச்சல் வந்து மத்த கோழியெல்லாம் போயிடுச்சு. இவன் மட்டும் கழுத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு கிடந்தான். சின்ன வெங்காயமும் மஞ்சளும் அரைச்சு ஊட்டிக்கிட்டே, 'ஆத்தா, இவன் பொழைச்சா சமயபுரத்துக்கே கொண்டாந்து விட்டுடறேன்'னு வேண்டிக்கிட்டேன்."

"அவனுக்காக வேண்டிக்கிட்டு அவனையேவா தர்றேன்னு சொல்லுவாங்க? முடி தர்றேன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"பயத்துல அதுதாங்க வாயில வந்துச்சு. இப்ப நான் வேலைவிட்டு வந்தா வாசலுக்கே ஓடி வர்றான்."

"சமயபுரம் இறங்குறவங்க வாங்க!" நடத்துனர் குரல் கொடுத்தார்.

அவள் எழவில்லை. முந்தானையை இழுத்துப் பையை மூடினாள். "அண்ணே, பாடாலூருக்கு ஒரு டிக்கெட் குடுங்க."

"பாடாலூர்ல யாரும்மா இருக்கா?" என்றார் அந்த அம்மா.

"யாரும் இல்லைங்க. அங்க இறங்கி வீட்டுக்குத் திரும்பிடுவேன். இன்னொரு நாளைக்குத் தனியா வந்து, இவனுக்குப் பதிலா என் முடியை எடுத்துக்கன்னு ஆத்தாகிட்ட கேக்கறேன். இவனைக் கையில வச்சுக்கிட்டு எப்படிங்க கேக்கறது?"