இரைப்பை இல்லாத மீன்

காப்பி போதும், நன்றி. பால் வேண்டாம், குடித்தால் எனக்கு வயிறு உப்பிக்கொள்ளும்.

என் கணவர் ஆஸ்முண்டின் சால்மன் பண்ணையில் மீன்களின் உடல்நலத்தைக் கவனிப்பது என் வேலை. சால்மன் மீது கடல் பேன் என்ற ஒட்டுண்ணி ஏறும். அதைக் கொத்தித் தின்பதற்கென்றே வேறொரு மீனை வளர்த்து அதே கூண்டில் விடுவோம். நார்வேயின் இந்தக் கரையில் பலரும் செய்வதுதான். அந்த மீனுக்குப் பெர்கில்ட் என்று பெயர். தடித்த உதடு, பச்சை உடம்பு, ஆளை அடையாளம் கண்டுகொள்ளும் கண். அதற்கு இரைப்பை கிடையாது. வாயை விட்டால் குடல்தான், அதுவும் குட்டை. இறால், சிப்பி என்று கொழுப்பில்லாததைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றால்தான் செரிக்கும்.

ஆஸ்முண்ட் அதற்கு எண்ணெய் வழியும் சால்மன் தீவனத்தில் மிஞ்சியதைப் போட்டார்.

செத்தவற்றை அறுத்துப் பார்ப்பவள் நான். கத்தியை வைத்ததும் மஞ்சள் கொழகொழப்பு வழியும். செரிக்காத தீவனம் நூல் நூலாகத் தொங்கும். சிக்குப் பிடித்த எண்ணெய் நாற்றம் கையுறையைத் தாண்டி விரலில் ஏறும். அந்த விரலால் ரொட்டியைத் தொடப் பிடிக்காமல் முள்கரண்டியால் தின்று பழகினேன். ஒருநாள் ஒரு குடலைத் தட்டில் வைத்து அவரிடமே கொண்டுபோனேன். அவர் மதிய ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார்.

"இதப் பாருங்க. குடல் பூரா கொழுப்பு. வலியிலயே சாகுதுங்க."

"திங்கிற நேரத்துல இத தூக்கிட்டு வந்து நிக்கிற பாரு," என்றார், மெல்லுவதை நிறுத்தாமல். "அதுங்க பேன் சீப்பு, சிக்னி. சீப்புக்கு யாராவது சோறு போடுவாங்களா?"

பக்கத்திலிருந்த படகோட்டியும் சிரித்தான்.

குளிர்காலக் கடைசியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சில் நாலைந்து சொற்கள்தான் மிஞ்சின. எதையும் மசித்து ஊட்ட வேண்டும் என்றார்கள் மருத்துவமனையில். வீட்டுக்கு வந்துபோகும் செவிலி மாரித், பராமரிப்பு இல்லத்தில் விடலாம் என்றாள். நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எங்கள் தீவே என்னைப் புகழ்ந்தது.

பண்ணை என் கைக்கு வந்தது. இறாலையும் சிப்பியையும் அரைத்துக் கட்டியாக்கிப் பெர்கில்டுகளுக்குக் கூண்டில் தொங்கவிட்டேன். சால்மன் தீவனம் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. அதைக் காப்பிக்கொட்டை அரைக்கும் இயந்திரத்தில் பொடித்து உருளைக்கிழங்கு மசியலில் கலந்தேன்.

முதல் கரண்டியைத் துப்பினார். மூக்கைப் பிடித்தால் வாய் தானாகத் திறக்கும்.

"வேற," என்றார். "வேற... சிக்னி."

"நல்ல தீவனம்னு நீங்கதான வாங்கிப் போட்டீங்க," என்றேன்.

வயிறு மத்தளம்போல இறுகியது. வெளியே வந்ததை நான்தான் கழுவினேன். அதே மஞ்சள், அதே நாற்றம். குமட்டத்தான் செய்தது. இருந்தும் ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டே கொட்டினேன்.

மாரித் அவர் வயிற்றைத் தொட்டு முகம் சுளித்தாள். "என்ன குடுக்கறீங்க சிக்னி? கல்லு மாதிரி இருக்கே. டாக்டர்கிட்ட காட்டணும்."

"படுத்தே கிடந்தா இறுகத்தானே செய்யும். மருந்து குடுத்திருக்கேன்."

நம்பிப் போனாள். அவள் மீது தவறில்லை.

கோடைக்குள் மீன்கள் தேறிவிட்டன. ஒன்றை மயக்கிக் கொன்று அறுத்தேன். குடல் இளஞ்சிவப்பாக, மெல்லியதாக, பட்டுத் துணிபோல மடிப்பு மடிப்பாக இருந்தது. அழுதுவிட்டேன்.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். நல்லது தின்றதை மட்டும் பார்த்தால் எதுவும் நிரூபணமாகாது. கெட்டது தின்றதும் ஒன்று வேண்டும்.

கடைசியில் உள்ளே போனதெல்லாம் அவர் வாய் வழியாகவே திரும்பி வந்தது. மலம்போல நாறியது. கண் மட்டும் நான் போகிற பக்கமெல்லாம் வந்தது. ஆம்புலன்ஸ் படகைக் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பார். கூப்பிடவில்லை. வாயைத் துடைத்துவிட்டு அடுத்த கிண்ணத்தை ஊட்டினேன். குடல் கிழிந்து செத்தார் என்று பிரேதத்தை அறுத்துப் பார்த்த உங்கள் போலீஸ் மருத்துவர் சொன்னது சரி. தெரிந்தேதான் செய்தேன்.

ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். படுக்கையில் விழுந்தவர்களைச் சில வீடுகளில் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆஸ்முண்டை நான் ஒரு வேளைகூடப் பட்டினி போட்டதில்லை.